கதவை அடைப்பது கடைசி வேலை: நாய்க்குட்டி, கூண்டு, குரைப்பு

புத்தாண்டு விடுமுறையில் வீட்டுக்கு வந்த நாய்க்குட்டிகள், பள்ளிக்கூடம் திறந்து பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பிய அன்றுதான் முதன்முதலாக வெறும் வீட்டைப் பார்க்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரிக் கடைசியில் இந்த நாய் வளர்ப்புக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை அழுகையையும் குரைப்பையும் பற்றியவையாக இருப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். இம்முறை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்தும் குவாசூலு-நாட்டால் மாகாணத்தின் பிற ஊர்களிலிருந்தும் வந்த ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதம் கேட்பதையே வேறு பலரும் கேட்டிருப்பதால் அதற்கான பதில் நீண்டுவிட்டது.

கேள்வி (சாட்ஸ்வர்த், ஒரு வாசகி): புத்தாண்டு கழிந்த வாரம் ஜாக் ரஸ்ஸல் பெண்குட்டி ஒன்றை வாங்கினோம். இப்போது அதற்குப் பதினோரு வாரம். இரவில் கம்பிக் கூண்டில் விட்டுக் கதவை அடைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் அழுகிறது. எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த வீட்டு ஆயா, வயதான பாட்டி, உடம்புக்கு முடியாதவர். அவர் மகன் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூண்டை விற்ற கடைக்காரரோ, "அழட்டும், கண்டுகொள்ளாதீர்கள், மூன்று நாளில் அடங்கிவிடும்" என்கிறார். அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். இதே அறிவுரையைப் பல ஆண்டுகளுக்கு முன்பு நானும் கேட்டு நடந்தேன். முதல் இரவில் சமையலறையில் கூண்டை வைத்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். விடிந்ததும் போய்ப் பார்த்தபோது கூண்டுக்குள் விரித்த துவாலை எச்சிலில் பிழிந்தெடுத்தாற்போல் நனைந்திருந்தது. குட்டியின் முன்னங்கால் நகம் ஒன்று அடியோடு முறிந்து, கம்பிகளில் இரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. அது மூன்றாம் நாள் அடங்கியது உண்மைதான். ஆனால் அதன் பிறகு நான்கு மாதத்துக்கு, தாழ்ப்பாள் அசையும் சத்தம் கேட்டாலே அது மேசைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. அழுது ஓய்ந்த குட்டி பழகிவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பதை அது தெரிந்துகொண்டது என்பதே சரி.

எட்டு வாரம் வரை தாயின் வயிற்றோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் ஒட்டிப் படுத்திருந்த உயிர் அது. தனியாகப் படுப்பது அதற்குத் தெரியாத வேலை; தெரியாத வேலையைப் படிப்படியாகத்தான் கற்றுக்கொடுக்க முடியும். கூண்டைப் பழக்குகிறவர்கள் செய்யும் பிழைகளில் பத்துக்கு எட்டு, கதவை முதல் நாளே அடைப்பதுதான் என்று என் அனுபவத்தில் சொல்வேன். கதவை அடைப்பது கடைசி வேலை.

முதலில் கூண்டின் அளவைப் பாருங்கள். நாய் உள்ளே நிமிர்ந்து நிற்கவும், ஒரு சுற்றுத் திரும்பவும், கால்களை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். வளர்ந்த ஜாக் ரஸ்ஸலுக்கு 60 முதல் 75 சென்டிமீட்டர் நீளமுள்ள கூண்டு பொருந்தும். குட்டிக்கு அது பெரிதாக இருந்தால், ஒரு மூலையில் சிறுநீர் கழித்துவிட்டு மறு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆகையால் நடுவில் தடுப்பு வைத்து, வளர வளர அதைத் தள்ளி வையுங்கள். கூண்டுக்குள் விடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட மறக்காதீர்கள். பட்டையோ அதில் தொங்கும் வில்லையோ கம்பியில் மாட்டிக்கொண்டு குட்டி மூச்சுத் திணற நேரலாம்.

இனி மூன்று நாள் கூண்டின் கதவைக் கயிற்றால் பின்பக்கம் கட்டிவையுங்கள், தானாகச் சாத்திக்கொள்ளக் கூடாது. வேளைக்கு வேளை உணவுத் தட்டை உள்ளே வையுங்கள்: முதலில் வாசலில், பிறகு நடுவில், பிறகு கடைசி மூலையில். குட்டி முன்னங்கால்களை உள்ளே வைத்து, பின்னங்கால்களை வெளியிலேயே ஊன்றிக்கொண்டு, உடம்பை ரப்பர்போல் இழுத்து எட்டிச் சாப்பிடும். அந்தப் பின்னங்கால்களைக் கவனியுங்கள். அவை வெளியில் இருக்கிற வரையில் அதற்கு இன்னும் ஐயம் தீரவில்லை என்று பொருள். பின்னாலிருந்து ஒரு விரலால்கூடத் தள்ளாதீர்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அந்தக் கால்கள் தாமாக உள்ளே வரும். சாப்பிட்டு முடித்த பிறகும் ஓடிவராமல் துணியை முகர்ந்துகொண்டு நிற்கும். அப்போது கதவில் கை வைக்கலாம்.

குட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் கதவைச் சாத்தி, அது தலை தூக்குவதற்கு முன்பே திறந்துவிடுங்கள். அடுத்த வேளையில், முடித்த பின் ஐந்து எண்ணும்வரை பொறுத்துத் திறங்கள். பிறகு பத்து, பிறகு முப்பது. அப்புறம் மீண்டும் ஐந்து. நேரம் கூடிக்கொண்டே போனால் குட்டி அதைக் கண்டுகொள்ளும். ஏறியும் இறங்கியும் வந்தால் திறப்பார்கள் என்ற நம்பிக்கை அதற்கு இருக்கும். உட்கார்ந்திருக்கும் நீங்கள் எழுந்து நிற்பது ஒரு படி, இரண்டடி நகர்வது ஒரு படி, அறையை விட்டுப் போய் உடனே திரும்புவது ஒரு படி. தாழ்ப்பாளின் சத்தத்தைத் தனியாகப் பழக்குங்கள்: குட்டி வெளியே இருக்கும்போதே தாழ்ப்பாளை ஒரு முறை தட்டி, ஒரு துண்டு வேகவைத்த கோழி இறைச்சி கொடுங்கள். நாளுக்கு இருபது முறை செய்தால் ஒரு வாரத்தில் அந்தச் சத்தம் சாப்பாட்டு மணியாகிவிடும்.

இதெல்லாம் பகலில் நடக்க வேண்டியது. அதற்குள் இரவு வந்துவிடுமே என்பீர்கள். இரவுக்கு வேறு ஏற்பாடு: கதவு சாத்தியிருக்கும், ஆனால் நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பீர்கள். கூண்டை உங்கள் கட்டிலை ஒட்டி, ஆடாத தாழ்ந்த மேசைமேல், உங்கள் முகத்துக்கு நேரான உயரத்தில் வையுங்கள். குட்டி சிணுங்கினால் விரல்களைக் கம்பிக்கு இடையில் நீட்டினால் போதும். நக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துவிடும். நாள் செல்லச் செல்லக் கூண்டைத் தரையில் இறக்கி, ஓர் அடி, இரண்டு அடியாக நகர்த்தி, நீங்கள் விரும்பும் இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

பதினோரு வாரக் குட்டி இரவு முழுவதும் சிறுநீரை அடக்கிக்கொள்ளாது. அது அழுது உங்களை எழுப்புவதற்கு முன் நீங்களே கடிகாரத்தில் மணி வைத்து எழுந்து, ஒரு முறையோ இரு முறையோ வாரில் பிடித்துப் புல்தரைக்குக் கொண்டுபோங்கள். பேச்சு வேண்டாம், விளையாட்டு வேண்டாம், பெரிய விளக்கும் வேண்டாம். வேலை முடிந்ததும் மெல்லிய குரலில் ஒரு பாராட்டு, உடனே கூண்டு. நடுவில் எழும் அழுகை எந்த வகை என்று காது பழகிவிடும். விட்டுவிட்டு வரும் சிணுங்கல், இடையில் கொட்டாவி, பிறகு மௌனம் என்றால் அது தூக்கத்துக்கு முந்திய முனகல். ஒன்றிரண்டு நிமிடம் பொறுக்கலாம். ஏறிக்கொண்டே போகும் குரல், கம்பியைப் பிறாண்டல், மூச்சிரைப்பு என்றால் அது அச்சம். உடனே போக வேண்டும். அழும்போது போனால் அழுகையைக் கற்றுக்கொள்ளும் என்று அஞ்ச வேண்டாம். அச்சம் தணிந்த குட்டிதான் எதையும் கற்றுக்கொள்ளும்.

அடுத்த வீட்டு ஆயாவுக்கு வருகிறேன். சாட்ஸ்வர்த் வீடுகள் பல 1960-களில் இனவாரியாகக் குடியமர்த்தும் சட்டத்தின் கீழ் அவசர அவசரமாகக் கட்டப்பட்டவை என்பதும், நடுச்சுவருக்கு அப்பால் இருமினால்கூட இப்பால் கேட்கும் என்பதும் அங்கே வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். கூண்டைப் பொதுச்சுவரிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு மாற்றி, அடியில் தடித்த விரிப்புப் போடுங்கள். பிறகு நீங்களே அந்த வீட்டுக்குப் போய், குட்டிக்கு எத்தனை வாரம், என்ன பழக்கிக்கொண்டிருக்கிறீர்கள், இன்னும் எத்தனை நாள் பிடிக்கும் என்று சொல்லி, எந்த நேரத்துச் சத்தம் ஆயாவின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று கேளுங்கள். மூன்றாம் முறை அந்த மகன் உங்கள் கதவைத் தட்டுவதற்கு முன் நீங்கள் அவர் கதவைத் தட்டிவிட வேண்டும். நாய்க் குரைப்பு நகராட்சித் துணை விதிகளில் தொந்தரவாகக் கொள்ளத்தக்கது. ஆனால் அண்டை வீட்டாரோடு பேசித் தீர்ந்தால் அவ்வளவு தூரம் போகாது.

கேள்வி (ஃபீனிக்ஸ், ஒரு தம்பதியர்): நாங்கள் இருவரும் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனால் நான்கரைக்குத்தான் திரும்புவோம். நான்கு மாதக் குட்டி. கூண்டில் ரேடியோ போட்டுவிட்டுப் போகலாமா?

பதில்: ஒன்பதரை மணி நேரம் கூண்டு என்பது கூடவே கூடாது. பகலில் குட்டியின் வயதை மாதத்தில் எண்ணி ஒன்று கூட்டினால், அது சிறுநீர் அடக்கக்கூடிய மணி நேரத்தின் உச்ச வரம்பு ஏறக்குறைய கிடைக்கும். உங்கள் குட்டிக்கு ஐந்து. அந்த வரம்பு வரை அடைத்துவைக்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. வளர்ந்த நாயைக்கூட பகலில் ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடுவதை நான் ஏற்கமாட்டேன். சமையலறையிலோ சலவை அறையிலோ குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்புக் கதவைப் பொருத்தி, கூண்டைத் திறந்தபடி உள்ளே வைத்து, ஒரு மூலையில் தண்ணீரும் எதிர் மூலையில் கழிவுக்குச் செய்தித்தாளும் வையுங்கள். நண்பகலில் யாராவது வந்து அரை மணி நேரம் வெளியே கொண்டுபோக வேண்டும். ஓய்வு பெற்ற பெரியம்மா, பெரியப்பா இல்லாத தெரு நம் ஊரில் குறைவு. கேட்டுப் பாருங்கள்.

டர்பனின் பிப்ரவரி வெப்பத்தையும் மனத்தில் கொள்ளுங்கள். நாய் பெரும்பாலும் நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது; காற்றே ஈரமாக இருக்கையில் அந்த வழி சரியாக வேலை செய்யாது. மின்விசிறியை நம்பிக் கூண்டில் விட்டுப் போன நேரத்தில் லோட் ஷெடிங் என்னும் மின்வெட்டு வந்துவிட்டால், ஜன்னல் சாத்திய அறை அடுப்பாகிவிடும். கூண்டின்மேல் துணி போர்த்துகிறவர்கள் இரண்டு பக்கமாவது காற்றுக்குத் திறந்துவிட வேண்டும்.

கேள்வி (ரிசர்வாயர் ஹில்ஸ், ஒரு வாசகர்): எங்கள் அல்சேஷன் நாய்க்குப் பத்து மாதம். விடியற்காலையில் ஹடீடா பறவை கத்தினால் குரைக்கிறது. குரங்குக் கூட்டம் கூரையில் ஏறினால் குரைக்கிறது. வாசற்கம்பிக்கு அப்பால் யார் நடந்தாலும் வேலியோடு ஓடி ஓடிக் குரைக்கிறது. திட்டினால் இன்னும் கூடுகிறது. காவலுக்கு வாங்கிய நாய் குரைக்காமலும் இருக்கக் கூடாது. என்ன செய்வது?

பதில்: உங்கள் நாயின் இடத்திலிருந்து பாருங்கள். ஒருவர் தெருவில் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். அவர் தம் வேலையாகத்தான் போனார் என்பது நாய்க்குத் தெரியாது. தான் குரைத்ததால்தான் போனார் என்று அது முடிவு கட்டுகிறது. நாளுக்கு ஐம்பது பேர் போனால், ஐம்பது முறை அதன் குரைப்புக்கு வெற்றி. குரங்கும் அப்படியே: கூரையில் ஏறுகிறது, குரைக்கிறோம், மரத்துக்குத் தாவுகிறது. நீங்கள் உள்ளேயிருந்து கத்தும்போது, வீட்டுக்காரரும் சேர்ந்து குரைக்கிறார் என்று அதற்கு இன்னும் ஊக்கம் பிறக்கிறது.

எனவே முதல் வேலை அந்த வெற்றிகளைக் குறைப்பது. வாசற்கம்பியின் உட்புறம் நாயின் கண் உயரத்துக்குச் சற்று மேல்வரை பச்சை நிழல்வலையைக் கட்டுங்கள். நடக்கிறவர்களின் கால்கள் தெரியாமல் போனாலே குரைப்பில் கணிசமான பங்கு ஒரு வாரத்தில் விழுந்துவிடுவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். வேலியோரம் தனியாக விட்டு நாள் முழுவதும் ஓடவிடாதீர்கள். ஓடி ஓடித் தடம் பதிந்த நாய்க்குக் குரைப்பு விளையாட்டாகிவிடும். குரங்குகளுக்கு, மாம்பழமும் அவகாடோவும் பழுத்து விழுவதற்கு முன் பறித்துவிடுவதும், குப்பைத் தொட்டியின் மூடியை இறுக்குவதும், நாயின் உணவுத் தட்டை வெளியில் வைக்காமல் இருப்பதும்தான் வழி. வெர்வெட் குரங்கின் கோரைப்பல் நாயின் தோலைக் கிழிக்கக்கூடியது. குட்டியோடு இருக்கும் குரங்கைத் துரத்திய நாய் பல தையல்களோடு மருத்துவரிடம் போனதை நேரில் பார்த்திருக்கிறேன். கூட்டம் வரும் நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் நாய் வீட்டுக்குள் இருக்கட்டும். விடியலில் கூவும் ஹடீடாவுக்கும் அதுவே பொருந்தும். இரவில் உள்ளே படுக்கும் நாய், வீட்டையும் நன்றாகக் காக்கும்.

இரண்டாவது வேலை, குரைத்த பின் என்ன செய்வது என்று கற்றுக்கொடுப்பது. இரண்டு மூன்று குரைப்பை அனுமதியுங்கள். அது அதன் கடமை. நீங்கள் எழுந்து போய், அது பார்க்கும் திசையை நீங்களும் ஒரு முறை பார்த்து, அமைதியான குரலில் "போதும், வா" என்று சொல்லி, அதன் மூக்கருகில் ஒரு தின்பண்டத்தைக் காட்டியபடி உள்ளே நடந்து வாருங்கள். உள்ளே வந்ததும் நான்கைந்து துண்டுகளைத் தரையில் சிதறவிடுங்கள். தலை குனிந்து முகரும் நாய்க்கு மூச்சும் நிதானப்படும். இதைத் தெருவில் ஆள் இல்லாதபோது முதலில் நூறு முறை பழக்க வேண்டும். கூட்டம் வரும்போது முதன்முதலாகச் சொன்னால் காதில் ஏறாது. பில்டாங் என்னும் உலர்த்திய இறைச்சியை விரல் நகம் அளவுக்கு நறுக்கிக் கொடுத்தால் எந்த நாயும் வரும். உப்பும் மசாலாவும் இருப்பதால் அதை அரிதாகவே கொடுங்கள். அன்றாடத்துக்கு உப்பில்லாமல் வேகவைத்த ஈரலோ கோழியோ நல்லது. கறிக்குழம்பில் தோய்ந்த எலும்பு வேண்டாம்: வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும், வெந்த எலும்பு குடலைக் குத்தும்.

சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஆயா "சும்மா இரு" என்பார். பேரப்பிள்ளை "கொயட்" என்பான். தாத்தா "ஃபூட்செக்" என்று விரட்டுவார். ஒரே நாய்க்கு மூன்று மொழி, மூன்று தொனி. எல்லோரும் உட்கார்ந்து ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள், எந்த மொழியானாலும் சரி. விரட்டும் சொல்லை மட்டும் கைவிடுங்கள். கூப்பிட்டால் ஓடிவர வேண்டிய நாய்க்கு அது ஓடிப்போகக் கற்றுக்கொடுக்கிறது.

முதல் பத்து நாளில் குரைப்பு குறைவதற்குப் பதில் ஓரிரு நாள் கூடலாம். இத்தனை நாள் பலித்தது ஏன் பலிக்கவில்லை என்று அது இன்னும் உரக்க முயன்று பார்க்கும். அந்த நாளில் மனம் தளர்ந்து கைவிடுகிறவர்கள்தான் அதிகம். இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

கேள்வி (மியர்பேங்க், ஒரு வாசகர்): குரைத்தால் மின்னதிர்வு கொடுக்கும் கழுத்துப்பட்டையை நண்பர் பரிந்துரைக்கிறார். பாதுகாப்பானதா?

பதில்: வாங்காதீர்கள். அடுத்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக் குரைத்த நொடியில் கழுத்தில் வலி வந்தால், குரைத்ததால் வலித்தது என்று நாய் எண்ணும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அந்தக் குழந்தை வந்ததால் வலித்தது என்று எண்ணிவிடலாம். குரைப்பு நின்று, எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும் நாயாக அது மாறினால் யார் பொறுப்பு? அச்சத்தாலும் தனிமையாலும் குரைக்கும் நாய்க்கு இந்தப் பட்டை அச்சத்தின்மேல் அச்சம். அந்தப் பணத்தில், தண்டனை முறைகளைக் கையாளாத ஒரு பயிற்சியாளரிடம் இரண்டு மணி நேரம் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி (இசிபிங்கோ, ஒரு வாசகி): எங்கள் குட்டிக்குப் பன்னிரண்டு வாரம். தடுப்பூசி முடியும்வரை வெளியே கொண்டுபோகக் கூடாது என்றார்கள். அதற்குள் வீட்டுக்கு வரும் உறவினர் எல்லோரையும் பார்த்துக் குரைக்கத் தொடங்கிவிட்டது.

பதில்: நாய்களிடையே தொற்றும் பார்வோ நோய்க்கு அஞ்சுவது சரிதான், தடுப்பூசி முடியாத குட்டியைப் பல நாய்கள் நடமாடும் புல்தரையில் இறக்கக் கூடாது. ஆனால் மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கிறது. அந்தக் காலத்தில் பார்க்காத மனிதரும் கேட்காத சத்தமும் பிற்காலத்தில் அதற்கு அந்நியமாகவே இருந்துவிடும். உங்களிடம் மீதி இருப்பது இரண்டு வாரம். தூக்கிக்கொண்டு போங்கள். கடைத்தெரு ஓரத்தில் பத்து நிமிடம் மடியில் வைத்து உட்காருங்கள். தொப்பி போட்டவர், தாடி வைத்தவர், தடி ஊன்றிய பெரியவர், கோயிலுக்குப் போகும் கூட்டம், டாக்ஸியின் ஹாரன் எல்லாவற்றையும் அது பாதுகாப்பாகப் பார்க்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு தின்பண்டம். வீட்டுக்கு வரும் உறவினர் குட்டியை நேராகப் பார்க்காமல், குனிந்து தொடாமல், உட்கார்ந்து பேசிக்கொண்டே கீழே ஒரு துண்டைப் போடட்டும். குட்டி தானாக வந்து முகர்ந்தால் போதும்.

ரேபிஸ் தடுப்பூசியை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். குவாசூலு-நாட்டாலில் அந்நோய் இன்றும் இருக்கிறது; மூன்று மாதத்தில் முதல் ஊசி, அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டாவது, பிறகு மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது என்பது நாட்டின் சட்டம். நன்றாக இருந்த நாயின் குரைப்பொலி திடீரென்று கம்மி, குணமும் மாறி, எச்சிலை விழுங்க முடியாமல் நின்றால் அதைப் பழக்கப் பிரச்சினை என்று எண்ணிக் கையாளாதீர்கள். தொடாமல் ஒதுங்கி, அரசு கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள்.

கேள்வி (டோங்காட், ஒரு வாசகர்): எட்டு மாத நாய். தீபாவளி வெடிக்கு நடுங்கிச் சிறுநீர் கழித்துவிட்டது. நவம்பர் ஐந்தாம் தேதி கை ஃபாக்ஸ் நாள் வெடியும், புத்தாண்டு வெடியும் சேர்ந்துகொள்கின்றன. தைப்பூசக் காவடி மேளத்துக்கும் குரைக்கிறது. வெடி நேரத்தில் கூண்டில் அடைத்துவிடலாமா?

பதில்: கூண்டு இருக்கட்டும், கதவு மட்டும் திறந்தே இருக்கட்டும். அஞ்சி நடுங்கும் நாயை அடைத்தால் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொண்டு வெளியேறப் பார்க்கும். வீட்டின் உள்ளறையில், ஜன்னலிலிருந்து தள்ளி, திரைகளை இழுத்துவிட்டு, கூண்டின்மேல் போர்வை போட்டு, தொலைக்காட்சியையோ பாட்டையோ வையுங்கள். இருட்டுவதற்கு முன்பே நடைக்குக் கொண்டுபோய் வந்துவிடுங்கள். வாசல் கேட் பூட்டியிருக்கிறதா, பட்டையில் தொலைபேசி எண் இருக்கிறதா, மைக்ரோசிப் போட்டாயிற்றா என்று பாருங்கள். நடுங்கும் நாயை அணைத்துத் தடவினால் அச்சம் வளரும் என்ற பேச்சு தவறு. அது உங்களிடம் வந்தால் பக்கத்தில் உட்காருங்கள்.

அடுத்த தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. வெடிச்சத்தப் பதிவைக் காதுக்கு எட்டியும் எட்டாத அளவில் வைத்து, அதே நேரத்தில் உணவு கொடுத்து, நாயின் காது பின்னோக்கி மடங்காத வரையில் மட்டும் வாரக் கணக்கில் ஒலியைக் கூட்டுங்கள். மேளத்துக்கும் இதே முறை. காவடி ஊர்வலம் வரும் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி நின்று தொடங்கலாம். அச்சம் இந்த அளவு இருக்கிற நாய்க்கு மருந்து தேவைப்படலாம். வெடி நாளுக்குச் சில வாரம் முன்பே கால்நடை மருத்துவரிடம் போய், உடம்பை மட்டும் அசையவிடாமல் செய்யும் மருந்து வேண்டாம், அச்சத்தைக் குறைக்கும் மருந்து வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். முன்னதில், ஓட முடியாத உடம்புக்குள் பயம் அப்படியே இருக்கும்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஒரு மருமகள்): எங்கள் மாமியாருக்குக் கூண்டைக் கண்டாலே பிடிக்கவில்லை. "வாயில்லாத ஜீவனைச் சிறையில் போடுகிறாயே, நாங்கள் எல்லாம் முற்றத்தில் சங்கிலி போட்டுத்தானே வளர்த்தோம்" என்கிறார். அவருக்கு எப்படி விளக்குவது?

பதில்: உங்கள் மாமியாரின் இரக்கத்தை நான் மதிக்கிறேன். பூட்டிவைத்து மறந்துவிடுகிற கூண்டு சிறைதான். அதில் அவர் பக்கமே நானும். ஆனால் சங்கிலி அதைவிடக் கொடியது. சங்கிலியில் கட்டிய நாய்க்கு ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. வருகிறவர் எல்லோரும் பார்வையில் படுவார்கள், அது எட்டிப் பிடிக்கும் தூரத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். அந்தத் தவிப்புத்தான் ஓயாத குரைப்பாகவும், ஒரு நாள் சங்கிலி அறுந்தால் கடியாகவும் வெளிப்படுகிறது. 1962-ஆம் ஆண்டின் 71-ஆம் எண் விலங்குப் பாதுகாப்புச் சட்டம், தேவையில்லாமலோ துன்பம் தரும் வகையிலோ ஒரு விலங்கைக் கட்டிவைப்பதையும் அடைத்துவைப்பதையும், போதிய இடமும் காற்றும் வெளிச்சமும் வெயில் மழைக்கு மறைப்பும் இல்லாத இடத்தில் வைப்பதையும் குற்றமாகச் சொல்கிறது. சங்கிலிக்கும் அது பொருந்தும், கூண்டுக்கும் பொருந்தும். இதை அவருக்குப் படித்துக் காட்டலாம்.

ஆனால் சட்டத்தைவிட அவர் கண்ணே நல்ல சான்று. குட்டி நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் வரை தூங்க வேண்டிய உயிர். பிள்ளைகள் நடமாடும் கூடத்தில் அதற்குத் தூக்கம் கிடைப்பதில்லை, மாலையில் எரிச்சலில் கடித்துக் குரைப்பது அதனால்தான். ஒரு வாரம் கூண்டின் கதவைத் திறந்தே வையுங்கள். மாமியார் கட்டிப் பழகிய பருத்திப் புடவை ஒன்றை, துவைக்காமல், நான்காக மடித்து அவர் கையாலேயே உள்ளே விரிக்கச் சொல்லுங்கள். காலை உணவுத் தட்டையும் அவரே உள்ளே வைக்கட்டும். பிற்பகலில் பிள்ளைகள் சத்தம் போடும்போது குட்டி எழுந்து, யாரும் சொல்லாமல், அந்தப் புடவைமேல் போய்ச் சுருண்டு படுக்கிறதா என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். படுத்தால் கதவைப் பற்றி அடுத்த வாரம் பேசலாம். படுக்காவிட்டால் கூண்டின் இடத்தை மாற்றிப் பார்த்துவிட்டு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.